மேனேஜருக்கு லைசென்ஸ்

கோழியின் வால் இறகுகள் மேனேஜரின் வாயில் இருந்தன. கோழி கூரை மேல் இருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, மானம்தான் போயிருந்தது.

மேனேஜர் என்பது நாய். எந்த வேலையும் செய்யாது, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும் என்பதால் வந்த பெயர். பெயர் வைத்தவர் குடும்பத் தலைவர். அந்தத் தலைவர் பட்டமும் ஏறக்குறைய அப்படி வந்ததுதான்.

வெளியே அவருக்குப் பிரேக் வாத்தியார் என்று பெயர். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறார். ஓட்டப் பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர். அந்தப் பழக்கம் இறங்கிய பிறகும் விடாது. பஸ்ஸில் போகும்போது டிரைவர் கொஞ்சம் வேகமெடுத்தால் இவர் வலது கால் தரையை மிதிக்கும். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார்.

மனைவி இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். திட்டவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை.

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை தம்பி வரான்" என்றாள். "மரக்கடைக் காவலுக்கு நாய் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான். கூட்டிட்டுப் போகட்டும்."

வாத்தியார் மேனேஜரைப் பார்த்தார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, அவர் பேசுவதைக் குறுக்கே வெட்டாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். சாயங்காலம் அவர் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டுக்குள் நின்று குதிக்கும். மச்சான் அதை மரக்கட்டைகளுக்கு நடுவில் சங்கிலியில் கட்டிப்போட்டுவிடுவான். நினைக்கவே அவருக்குத் தாங்கவில்லை.

"கோழியைத் தொடாம இருக்க நான் அதுக்குக் கத்துக்கொடுக்கிறேன்" என்றார். "ஆயிரம் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்கொடுத்தவன் நான்."

"அதுல பாதிப் பேர் இன்னும் சைக்கிள்லதான் போறாங்க."

ஆனாலும் சம்மதித்தாள். நிபந்தனை மட்டும் கறாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. நாய்க்குக் கயிறு கிடையாது. கோழிகளுக்குக் கூண்டு கிடையாது. வாத்தியார் வீட்டுக்குள்ளே, ஜன்னலுக்கு இந்தப் பக்கம். ஒரு கோழி மேல் பல் பட்டாலும் மேனேஜருக்கு மரக்கடைக்கு மாற்றல்.

நாய் வளர்க்கும் சக வாத்தியார் ஒருவர் வழி சொல்லிக்கொடுத்தார். முதலில் கோழிகள் கூண்டுக்குள் இருக்க வேண்டும், நாய் கயிற்றில், தள்ளி. அது கோழியை விட்டுக் கண்ணை எடுத்து உங்கள் முகத்தைப் பார்த்தால் உடனே வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுங்கள். தினம் கொஞ்சம் கிட்டே கொண்டுபோங்கள். அவசரப்படாதீர்கள். அவ்வளவுதான் வித்தை.

வாத்தியார் ருசியானதையே வாங்கிவந்தார். கொல்லையில் முதல் துண்டைக் கொடுத்ததும் சமையலறை ஜன்னல் திறந்தது.

"என்னங்க அது?"

"பரிசு."

"எதுல செஞ்ச பரிசு?"

வாத்தியார் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கோழியைத் தொடாதேன்னு வறுத்த கோழியைக் கொடுத்தா சொல்லித் தர்றீங்க?"

மறுநாளிலிருந்து ரொட்டித் துண்டுதான்.

மனைவி அதோடு நிறுத்தவில்லை. விட்டுக்கொடுத்து உதவவும் செய்தாள், பாவம். சாயங்காலம் கோழிகள் மிரளும், விடியற்காலையில்தான் அமைதியாக இருக்கும் என்றாள். விடியற்காலை என்பதை ரயில் டிக்கெட்டில் மட்டுமே பார்த்திருந்த வாத்தியார் எழுந்தார். கூண்டின் நாற்றம் நாய்க்கு வெறியேற்றும் என்றாள். துடைப்பத்தை எடுத்துக் கூண்டைக் கழுவினார். பசித்த கோழி படபடக்கும் என்றாள். தீனியும் தண்ணீரும் வைத்தார். ஒவ்வொன்றும் முடிந்த கையோடு ஜன்னல் வழியாகச் சுடச்சுட ஒரு டம்ளர் காப்பி வரும். கூடவே ஒரு "பரவாயில்லையே" வரும். கல்யாணமானதிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை அது. மயங்கிப்போனார்.

மேனேஜரும் தேறியது. கயிறு நீண்டது. கூண்டு திறந்தது. கோழி ஓடினால் நாயும் பாயப் பார்க்கும். "நில்!" என்பார் வாத்தியார். அதே நொடியில் அவர் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். நாய் நின்று அவரைத் திரும்பிப் பார்க்கும். தன் குரலில் இப்படி ஓர் அதிகாரம் இருக்கிறதே என்று அவருக்கே ஆச்சரியம். குளியலறையில் தனியாக ஒருமுறை "நில்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாத்தியார் சாப்பிடவில்லை. மனைவி அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கொல்லை நடுவில் மனைவி. அவள் இறைத்த தானியத்தைச் சுற்றிக் கோழிகள். சுவரோரம், கழுத்தில் கயிறில்லாமல் மேனேஜர். அது உட்கார்ந்திருந்தது, ஆனால் முதுகு ரோமம் லேசாக எழும்பியிருந்தது. வால் அசையவில்லை.

இறகு பறிகொடுத்த அதே கோழி, ரோஷம் கெட்டது, நேராக நாயின் முன்னங்காலிடம் போய்க் கொத்தியது. மேனேஜரின் மூக்கு நடுங்கியது. வாத்தியார் மூச்சுவிட மறந்தார். கோழியின் கழுத்துக்கும் நாயின் பல்லுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பார்க்காதே, வேறெங்காவது பாரடா கண்ணு என்று மனசுக்குள் கெஞ்சினார். மேனேஜர் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தது. கோழி நகர்ந்து போனது.

தப்பித்தோம் என்று அவர் நினைத்தபோது, காற்றில் தகரத் தட்டி ஒன்று தடால் என்று விழுந்தது. கோழிகள் அலறிக்கொண்டு நாலாபக்கமும் பறந்தன. மேனேஜர் எழுந்தது. பாய்ந்தது.

"நில்!" என்று கத்தினார் வாத்தியார். நாய்க்குக் காது கேட்காததுபோல இருந்தது. "நில்! நில்லுடா!" ஜன்னலே அதிர்ந்தது. நாய் நிற்கவில்லை. அவர் வலது கால் ஓங்கி மிதித்தது. கீழே கிடந்த கால்மிதி அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. எல்லாம் போச்சு என்று கண்ணை மூடினார்.

தொம்.

கண்ணைத் திறந்தார். கோழிக்கு ஒரு கை தூரத்தில் மேனேஜர் உட்கார்ந்திருந்தது. மனைவி ஓங்கி மிதித்த வலது காலைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டிருந்தாள். நாய் அவளையே பார்த்தது. அவள் முந்தானையிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்துப் போட்டாள்.

வாத்தியார் வெளியே ஓடிவந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"உங்க வாய் சொன்னதை அது ஒருநாளும் கேட்கலைங்க" என்றாள் மனைவி. "உங்க காலைத்தான் கேட்டுச்சு. முதல் வாரமே ஜன்னல்ல பார்த்துட்டேன். நீங்க வேலைக்குப் போனதும் நானும் தினம் மிதிச்சுப் பழக்கினேன்."

"அப்ப பாஸா?"

"பாஸ்."

அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது. மச்சான் இறங்கினான். வாத்தியார் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இதை யாருக்கும் தர முடியாது என்று அறிவித்தார். மச்சான் திருதிருவென்று விழித்தான்.

"நாயா? எனக்கெதுக்கு மாமா நாய்? பக்கத்துல வந்தாலே தும்மல் வரும்" என்றான். "கோழிக்கூண்டைப் பெரிசாக்கணும்னு அக்காதான் போன மாசமே மரம் கேட்டுச்சு. இனிமே காலையில நீங்களே எல்லாம் பார்த்துக்கப் போறீங்களாமே."

வண்டியிலிருந்து மரச்சட்டங்கள் இறங்கின. அவற்றுக்குப் பின்னால், கீச்கீச்சென்று கத்திக்கொண்டு, ஒரு பெட்டி நிறையக் குஞ்சுகளும் இறங்கின. வாத்தியார் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு டம்ளர் காப்பியை நீட்டினாள்.

மறுநாள் விடியற்காலை, பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று வாத்தியார் போர்வையை இழுத்துத் தலை வரை மூடிக்கொண்டார். சமையலறையில் தொம் என்று ஒரு சத்தம். மேனேஜர் எழுந்து உட்கார்ந்தது. வாத்தியார் எழுந்து துடைப்பத்தைத் தேடினார்.