ஏழாவது வினாவில் யார்?

மூன்றேகாலுக்கு அம்மா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். நான்கு மணிக்குள் அப்பா தயாரித்த வினாத்தாள் அவர் பள்ளித் தலைமையாசிரியையின் கையில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அப்பாவை மொழித்துறைத் தலைவராக்குவதா வேண்டாமா என்று முடிவு. அப்பாவுக்கோ ஒரு விரலால்கூடத் தட்டச்சு வராது. குடுமி அம்மாவின் கையில்.

"ஏங்க, வாசிப்புப் பகுதியில வர்ற இந்தக் கடைக்காரம்மா யாரு?"

"கற்பனைதான்."

"'அவளோடு வாதாடுவது இடியோடு வாதாடுவது போன்றது.' இது?"

"ஒப்புமை. ஒண்ணை விளக்க இன்னொண்ணு."

"சரி. 'அவள் முடிவெடுத்துவிட்டால் பிறகென்ன, குடைக்காகப் பேருந்து திரும்பிய கதைதான்.' இது என்ன உத்தின்னு ஏழாவது வினாவுல கேட்டிருக்கீங்களே, விடை?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "அதுவும் ஒப்புமைதான்."

மறந்துவைத்த குடைக்காக ஓட்டுநரிடம் மல்லுக்கட்டி, பேருந்தை இரண்டு நிறுத்தம் பின்னால் ஓட்டவைத்தது சாட்சாத் என் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் மனைவி எதிரே வாய் திறக்காத மனிதர், நூற்று நாற்பது பிள்ளைகளின் தேர்வுத்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கல்லெறிவாரா? இது என்ன வீரம்?

"அப்பா, இடி எல்லாருக்கும் தெரியும். வாக்கியமே விளக்கிடுது. குடைக் கதை வாக்கியத்துக்கு வெளியே நடந்தது. தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும். அது மறைமுகச் சுட்டு!"

"நீ சும்மா இரு. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினது என் தப்பு."

"அவ சொன்னதுல என்ன தப்பு?" அம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒப்புமைன்னு போட்டா விடை தப்பு, பதவி போச்சு. சுட்டுன்னு போட்டா, யாரைச் சுட்டுதுன்னு எனக்குத் தெரியணும்."

மூன்றரை. அப்பா சட்டைக் காலரைத் தளர்த்தினார். மூன்று முப்பத்தைந்து.

"உன்னைத்தான்."

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? எடுத்துடட்டுமா?"

"எடுத்தா ஏழாவது வினாவே இல்லையே! சுட்டுக்கு ஒரு எடுத்துக்காட்டு வேணுமே!"

"வேற போடுறேன். பிள்ளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதையா இருக்கணும், அதானே?"

"ஆமா தாயே, எதையாவது போடு!"

விசைகள் படபடத்தன. அப்பா படிக்காமலே கையெழுத்திட்டு, உறையை ஒட்டி, இடக்காலில் வலச்செருப்போடு ஓடினார்.

தேர்வறையில்தான் அதைப் படித்தார். 'அவளை ஏமாற்ற நினைத்தவனுக்கு முடிவில் நேர்ந்தது, ஆண்டுவிழா மேடையில் நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தவர் கதைதான்.'

போன ஆண்டுவிழாவில் அப்படி உட்கார்ந்தவர் யார் என்று அந்தப் பள்ளியில் தெரியாதவர் இல்லை. எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று நம்பியவர் ஒரே ஒருவர். அவர்தான் அப்போது தாள் விநியோகித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு கடைசி வரிசைக்குப் போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பதவி கிடைத்துவிட்டது. ஏழாவது வினாவுக்கு மட்டும் நூற்று நாற்பது பேரும் சரியாக எழுதியிருந்ததைக் கண்டு அசந்துபோன தலைமையாசிரியை, இனி எல்லா வகுப்புக்கும் இதே எடுத்துக்காட்டுதான் என்று உத்தரவிட்டார். நடத்த வேண்டியவர், துறைத்தலைவர்.