கசிவு ஒழிப்புத் திட்டம்

நாகரிகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், ஒழுகாமல் இருப்பதுதான் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். கூரை ஒழுகக் கூடாது, குடம் ஒழுகக் கூடாது, ஆபீஸ் ரகசியம் ஒழுகவே கூடாது. அப்படிப்பட்ட நாகரிகத்தின் கடைசிக் காவலர் ஒருவர், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் மனைவியோடும் மனைவியின் மோட்டார் சைக்கிளோடும் குடியிருந்தார் என்பது அந்தத் தெருவுக்கே பெருமை. தெருவுக்குத்தான் அது தெரியவில்லை.

முப்பத்தோரு வருஷம் கோப்பு பார்த்தவர் அவர். பார்த்தவர் என்றால் பார்த்தார், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் கீழே இருப்பவர்கள் செய்வார்கள். ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகியும் அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் 'ஆபீசர்'தான்.

மனைவி இன்னும் வேலைக்குப் போகிறவள். ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவாள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் பதினான்கு வீடு. எல்லாம் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள், நரம்பு லேசில் அகப்படாதவர்கள். அதில் ஒரு பெரியவர் அவள் குரல் கேட்டால்தான் முழங்கையை நீட்டுவார். வேறு யார் போனாலும் கை போர்வைக்குள் போய்விடும்.

வண்டிக்கு இருபத்தெட்டு வயது. ஒரே உதையில் கிளம்பும். எட்டு மாதமாக மட்டும் இன்ஜினில் எண்ணெய் கசிந்தது. நிறுத்தும் இடத்தில் பழைய தட்டு ஒன்றை வைப்பாள், ஞாயிற்றுக்கிழமை குறைந்ததை ஊற்றிக்கொள்வாள். இப்படியே போயிருக்கும். ஒரு நாள் சாப்பிடும்போது வாய் சும்மா இருக்காமல், மூலைக்கடை மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஆபீசர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"நம்ம வீட்டுக் கசிவைக் கொண்டு போய் மூலைக்கடையில காட்டுறதா? நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

இருந்தார். அதுதான் பிரச்சினை என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாளே 'கசிவு ஒழிப்புத் திட்டம்' ஹாலில் தொடங்கி வைக்கப்பட்டது. சோபா படுக்கையறைக்கு இடமாற்றம் பெற்றது. அவள் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு நாடாவை வண்டியின் கைப்பிடிக்குக் கைப்பிடி கட்டி, தானே கைதட்டி, தானே வெட்டினார். தரையில் விரிக்க வீட்டிலேயே நல்ல வெள்ளைப் படுக்கை விரிப்பு தேர்வானது. சின்னத் திருகு விழுந்தால் கண்ணில் பட வேண்டுமாம். விரிப்பு பத்து நிமிஷத்தில் கறுத்துவிட்டதால் அதன்பிறகு விழுந்த எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் நோக்கம் உயர்ந்தது.

திட்டத்தின் 'தொழில்நுட்ப ஆலோசகர்' அவள் தம்பி. நாற்பத்திரண்டு வயது, பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் உத்தியோகம். வண்டி பிரிப்பது எப்படி என்று பதினொரு வீடியோ கடைசிவரை பார்த்திருந்தான், விளம்பரம் உட்பட. எதைக் கண்டாலும் எண் போட்டால்தான் அவனுக்கு மூச்சு வரும். அதனால் கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு டோக்கன் கிடைத்தது. ஒவ்வொரு டோக்கனுக்கும் ஆபீசர் கைப்பட ஒரு சீட்டு எழுதினார்: 'முன்பக்கம், இடது, மேலிருந்து இரண்டாவது. கழற்றியபோது இறுக்கமாக இருந்தது. அப்படியே மாட்டவும்.' சீட்டின் மாதிரியை முடிவு செய்யவே ஒன்றரை நாள் போயிற்று. இடது என்றால் ஓட்டுபவரின் இடதா, எதிரே நிற்பவரின் இடதா என்று நடந்த கூட்டம் மட்டும் மூன்று மணி நேரம். தேநீர் மூன்று தடவை. தேநீர் போட்டது யார் என்று நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.

'பழைய இரும்பு அன்பர்கள்' என்று செல்போனில் ஒரு குழு உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஆபீசர் தினமும் படம் அனுப்புவார். வண்டி எவ்வளவு துண்டாகிறதோ அவ்வளவு கட்டைவிரல் உயரும்.

அவள் பஸ்ஸில் போனாள். குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி. வியாழக்கிழமை நாலு குழாய் ரத்தம் நேரம் தாண்டிவிட்டது என்று நிலையத்தில் கொட்டிவிட்டார்கள். நாலு பேரை மறுபடியும் குத்த வேண்டியிருந்தது. நிலைய மேலாளர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வந்தால் வாங்க, இல்லாவிட்டால் அந்தப் பதினான்கு வீட்டையும் வண்டி இருக்கிற வேறு ஆளுக்கு மாற்றிவிடுகிறேன், நீங்கள் உள்ளே உட்கார்ந்து ரசீது எழுதுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். பக்கத்திலிருந்த தகர டப்பாவைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நிதானமாக, இரண்டு தடவை சொன்னாள்.

"திங்கக்கிழமை ஆறரைக்கு எனக்கு வண்டி வேணும்ங்க."

"கோரிக்கை பதிவு செய்யப்பட்டது," என்றார் ஆபீசர். உண்மையிலேயே பதிவு செய்தார், சிவப்பு மையில்.

சனிக்கிழமை வண்டி மறுபடி வண்டியானது. மூடிகளுக்கு இடையில் எண்ணெய் கசியாமல் வைக்கிற கேஸ்கெட் எல்லாம் புதுசு. போதாதென்று மூடிகளின் ஓரமெல்லாம் பேஸ்ட் வேறு, கேக்குக்குப் பூச்சுப் பூசுவது போலப் பூசியிருந்தார்கள். இரண்டு போல்ட் மிஞ்சின. அவை 'கையிருப்பு' என்று தலைப்பிட்ட டப்பாவில் மரியாதையாக வைக்கப்பட்டு, அவள் அரைமணி நேரம் வாதாடிய பிறகு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டன. வாசலுக்குத் தள்ளிப்போய் வண்டியைக் கிளப்பினார்கள். பத்து நிமிஷம் ஓடியது. முன்பு ஓர் இடத்தில் ஒழுகிய எண்ணெய் இப்போது மூன்று இடத்தில் எட்டிப் பார்த்தது.

தம்பி முகம் தொங்கிவிட்டது. ஆபீசர் கலங்கவில்லை. கலங்கினால் முப்பத்தோரு வருஷம் தாக்குப்பிடித்திருப்பாரா? 'கசிவு பரவலாக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு, ஞாயிறு காலை முதல் மீண்டும் பிரித்தார். மதியத்துக்குள் டோக்கன் வரிசையில் ஒன்று பிசகாமல் மீண்டும் பூட்டினார். இந்த முறை நாலு இடம்.

சாயங்காலம் கூட்டம் கூடியது. மூன்றாம் கட்டத்துக்குக் கால நீட்டிப்பு மூன்று வாரம் என்று ஆபீசர் முன்மொழிந்தார். தம்பி வழிமொழிந்தான். மொழிந்துவிட்டு அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

அவள் விரிப்பின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, இன்ஜினை ஒரு கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நரம்பு தேடுகிற விரல். அடியிலிருந்து மேலே தடவிக்கொண்டே போனது. மேலே சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே அதன் நுனிக்குப் போனாள். நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்புக்குள் கெட்டியாக என்னவோ இருந்தது.

"இது என்னங்க?"

"குழாய். டோக்கன் நாப்பத்தொண்ணு."

"நுனியில என்ன?"

"கார்க். நான்தான் அடைச்சேன்." நல்ல காரியத்தை மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "ரிடையரான புதுசுல வீட்டுல உக்காந்து பாத்தேன். அது வழியா புகை மாதிரி வந்துச்சு, ஒரே எண்ணெய் நாத்தம். ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா அடைக்கணும்ல? கோந்து போட்டு அடைச்சு டேப்பும் சுத்தினேன்."

அவர் ஓய்வு பெற்று ஒன்பது மாதம், கசிவு தொடங்கி எட்டு மாதம் என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். ஒரு தடவை எண்ணியதே போதுமானதாக இருந்தது.

"ரெண்டு தடவை பிரிச்சீங்களே. அப்பவும் இதை அடைச்சபடியேவா மாட்டுனீங்க?"

கழற்றும்போது எப்படி இருந்ததோ அப்படியே மாட்ட வேண்டும் என்பதுதான் திட்டத்தின் முதல் விதி என்று ஆபீசர் நினைவூட்டினார். தம்பி ஓடிப்போய் நாற்பத்தொன்றாம் சீட்டையே எடுத்து வந்து காட்டினான். 'நுனி மூடியிருந்தது. மூடியபடியே மாட்டவும்.'

"கையில ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிட்டு, அதை அவுக்காம ஊசியை உருவினா என்ன ஆகும் தெரியுமாடா?" என்று தம்பியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "குத்துன இடத்துல ரத்தம் பீச்சும். உள்ள இருக்கிற அழுத்தம் போக ஒரு வழி வேணும்டா. இல்லேன்னா இடுக்கு பாத்து அதுவே வெளிய வரும். இன்ஜின் மூச்சு விடுற குழாய் இது."

"எந்த வீடியோலயும் இப்படிச் சொல்லலையேக்கா," என்றான் தம்பி.

"அவங்க யாரும் அடைச்சிருக்க மாட்டாங்க."

தன் பையிலிருந்து பேண்டேஜ் வெட்டும் கத்தரியை எடுத்தாள். நுனியை நறுக்கினாள். கார்க்கோடு ஒரு துண்டு குழாய் 'தொப்' என்று தம்பி காலடியில் விழுந்தது. வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைப்பது போல நாலு இடத்திலும் பஞ்சை ஒட்டி, வண்டியை வாசலுக்குத் தள்ளிப்போய் உதைத்தாள். அரைமணி நேரம் ஓடவிட்டாள். மூன்று பேரும் குனிந்து பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

திங்கட்கிழமை ஆறே காலுக்கு, அவள் குளிர்ப்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தபோது, ஆபீசர் நாலு பக்க 'இறுதி அறிக்கை'யோடு வாசலுக்கு வந்தார். அற்புதமான அறிக்கை. குழுவில் அதற்குள் முந்நூறு கட்டைவிரல் உயர்ந்துவிட்டது. கசிவு முற்றிலுமாக ஒழிக்கப்பட்டது என்றும், இரண்டு கட்டங்களாக நடந்த தீவிர முயற்சியின் நிறைவில் 'ஒரு குழாயின் நீளம் சீரமைக்கப்பட்டது' என்றும் அதில் இருந்தது. 'பயனாளி' என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவள் ஹெல்மெட்டோடு நின்று கடைசிப் பக்கத்தைப் படித்தாள். 'கசிவுக்கான காரணம்' என்ற கட்டத்தில், 'வண்டியின் வயது மூப்பு' என்று அழகாக எழுதியிருந்தார். அவர் பேனாவையே வாங்கி அதை ஒரு கோட்டால் அடித்தாள். மேலே ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரே உதையில் கிளப்பிக்கொண்டு, பதினான்கு வீட்டையும் பார்க்கப் போய்விட்டாள்.

ஆபீசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

கசிவுக்கான காரணம்: கணவர்.

அடித்துத் திருத்திய இடத்தில் பொறுப்பானவரின் சுருக்கொப்பம் இல்லாவிட்டால் எந்த ஆவணமும் செல்லாது. அவள் அதைப் போடாமல் போய்விட்டாள். விதியை ஒருநாளும் மீறாத மனிதர் என்ன செய்வார்? பேனா மூடியைக் கழற்றி, அந்த வார்த்தைக்குப் பக்கத்திலேயே தன் சுருக்கொப்பத்தைத் தெளிவாக, தேதியோடு, போட்டுவைத்தார்.