பின்கோடு கேட்ட மாப்பிள்ளை

மனதில் பட்டதைப் பட்டென்று சொல்பவர்கள் நாகரிகம் தெரியாதவர்கள் என்று இருபத்தாறு வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். (பட்டதாரி வேறு. கேட்கவா வேண்டும்!) அந்த நம்பிக்கையால் என் கல்யாணமே கைநழுவப் பார்த்தது.

இரண்டாயிரத்து ஒன்று. செங்கல்பட்டில் குமாஸ்தா வேலை கிடைத்த கையோடு, கடற்கரைப் பக்கத்து டவுன்ஷிப்புக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் அமுதா. அவள் அப்பா திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர். அமுதாவை ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தேன். அதற்கப்புறம் காபியை ஸ்பூனால் அள்ளிக் குடித்தேனாம்.

அம்மா, அச்சரப்பாக்கம் வயல்காட்டுக் குரலில் ஆரம்பித்தார்: "அண்ணாத்த, எங்களுக்குப் பொண்ண ரொம்ப..."

அம்மாவின் கையை அழுத்தினேன். இவ்வளவு பெரிய சம்மதத்தை வாயாலேயே சொல்லிவிடுவதா? எழுத்தில் தர வேண்டாமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம் சார்" என்றேன்.

"சரி, அதுக்கென்ன..." என்று அமுதாவின் அப்பா எழுந்துவிட்டார். நான் விடவில்லை. பேனாவை எடுத்து, "உங்க பின்கோடு என்ன சார்?" என்றேன். துக்க வீட்டுக்காரர் போல ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நான்காம் நாள், ஐந்தாவது தடவையாகக் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது தரகர் வந்தார்.

"இன்னா தம்பி, பொண்ண வேணாம்னுட்டியாமே? அவங்க மதுராந்தகத்துல வேற மாப்ள பாத்துகினு கீறாங்க."

"வேணாம்னு யார் சொன்னது?"

"நீதான்! லெட்டர் போடறோம்னா வேணாம்னு அர்த்தம்பா. இதுகூடவா தெரியாது?"

தெரியாதுதான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் லெட்டர் எழுதியதே இல்லை. வேண்டாமென்றால் வேண்டாம் என்றே சொல்லிவிட்டு வருவார்கள்.

அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துப்போய் பஸ் ஏற்றினார். பெண் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே, "அண்ணாத்த, எம்புள்ளைக்கு உம்பொண்ணப் புடிச்சிகீது. அதைத்தான் நாலு நாளா எழுதிகினு கீறான்! குடுக்கறியா, இல்லியா?" என்றார்.

உள்ளேயிருந்து அமுதாவின் குரல் வந்தது: "நான் அன்னைக்கே சொன்னேம்லாப்பா. வேண்டாங்கவரு பின்கோடு எதுக்குக் கேக்காரு?"

போன உயிர் திரும்பி வந்தது. மதுராந்தகத்துக்காரரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வதாக இருந்தார்களாம். நாங்கள் போனது சனிக்கிழமை.

இப்போதெல்லாம் சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும் வேனில் எனக்கு ஜன்னலோர சீட்டு உண்டு. பெண் வீடு வந்ததும் எல்லோரும் இறங்குவார்கள். கடைசியாக இறங்கும் என் மனைவி அமுதா, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே, "டிரைவர் தனியா இருக்காரு, பாவம். நீங்க துணைக்கு இருங்க" என்பாள்.

(இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும்.)