முதல் வீட்டில் மாடு இருக்கிறது

கான்சாபுரத்தில் வாழும் மகாராஜராஜஸ்ரீ சங்கையா மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, ராஜபாளையத்திலிருந்து உங்கள் தங்கை வெள்ளத்தாயின் புருஷன் சமுத்திரம் அநேகம் கும்பிடு போட்டு எழுதிக்கொள்வது.

மச்சான், நல்லாயிருக்கியளா? அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? ஒங்க மகன், எம் மருமகன் மாரிச்சாமி கிணத்து வேலைக்குப் போறாரா? எம் மக செல்லக்கனி நெறமாசத்துல மெதுவா நடக்காளா, இல்ல இப்பவும் கோழியைத் துரத்திக்கிட்டு ஓடுதாளா? ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் முறையாம். எனக்காகக் கடிதம் எழுதுகிற அசன் முகம்மது ராவுத்தர் நான் வாய் திறக்கும் முன்பே அதை எழுதியும் விட்டார். நான்தான் அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். க்ஷேமமாக இருந்தால் கடிதம் எதற்கு? நேரே வந்து அக்கா கையால் மொச்சைக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பேனே. ராவுத்தர் சீலை வியாபாரி, கணக்கு எழுதிப் பழகிய கை. நான் பேசுவதை எழுத்துத் தமிழாக்கி எழுதுகிறார். நடுவில் எங்காவது என் பேச்சு அப்படியே விழுந்திருந்தால் அவருக்குக் கை வலித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் ஒன்றுதான். செல்லக்கனியைத் தலைப்பிரசவத்துக்கு இந்த வளர்பிறையில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டிருந்தீர்கள். அவளைக் கூட்டி வந்து படுக்க வைக்க எனக்கு வீடு இல்லை. வீடு இருக்கிறது, ஓட்டு வீடு, என் பேரில்தான் இருக்கிறது, ஆனால் இல்லை. பொறுமையாகக் கேளுங்கள்.

சித்திரையில் எங்கள் தெரு எரிந்துபோனது உங்களுக்குத் தெரியும். ஓலைக் குடிசைகள் ஒன்று பாக்கியில்லை. கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் பானையும் பாயுமாக எல்லாரும் விழுந்து கிடந்தோம். அப்போது ஊர்ப் பெரிய மனிதர்களும் சீவில்லிபுத்தூர்க்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்து, வீடு இழந்த ஏழைகளுக்கு மலிவாக, தீப்பிடிக்காதபடி, வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டித் தருவது என்று முடிவு செய்தார்கள். புண்ணியவான்கள்தான், நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அமர்த்திய ஓவர்சியர் குடையோடு புளியமரத்தடிக்கு வந்து, “ஒங்களுக்கு எப்படி வீடு வேணும்னு நீங்களே சொல்லுங்க, அதும்படி கட்டுவோம்” என்றார். மச்சான், பிறந்ததிலிருந்து எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டது கிடையாது. கேட்டவுடன் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னோம். கோவிலுக்குப் பூக் கட்டுகிற வெங்கம்மா, தெலுங்கும் தமிழும் கலந்து, வாசல் கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்றாள். செருப்புத் தைக்கிற கருத்தம்மாள் தோல் காயப்போட முற்றம் கேட்டாள். ராவுத்தர் சம்சாரம் ரஹ்மத் பீவி, பெண்பிள்ளைகள் மறைவாகப் புழங்க உள்ளே குறுக்குச் சுவர் ஒன்று வேண்டும் என்றாள். நான் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினேன். ஓவர்சியர் குடையை மடக்கி வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

கடைசியில் அவர் எடுத்துக்கொண்டது ரஹ்மத் பீவியின் குறுக்குச் சுவர் ஒன்றைத்தான். அது எல்லா வீட்டுக்கும் உண்டு. முற்றத்துக்குப் பணமில்லை. வீட்டுக்கு வீடு தனிச் சுவருக்கும் பணமில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒற்றைச் சுவர், அதுவும் சூளையில் சுடாத பச்சைக் கல். யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். வெங்கம்மாவுக்கும் கருத்தம்மாளுக்கும் அடுத்தடுத்த வீடு விழுந்தது. “ஏமண்டி இது, எம் பூவும் அவ தோலும் ஒரே சுவத்துலயா?” என்று வெங்கம்மா கூப்பாடு போட்டாள். கருத்தம்மாள் சும்மா இருப்பாளா? “எந் தோலு ஒன்னும் ஒம் பூவைக் கடிக்காது, போத்தா!” என்றாள். ஓவர்சியர் இருவருக்கும் ஒரே பதில் சொன்னார்: “புடிக்கலைன்னா புளியமரம் இருக்கு.” எனக்கு வரிசையில் முதல் வீடு, பக்கத்து வீடு ராவுத்தருக்கு. வெள்ளத்தாய் அன்றைக்கே, “எம் மக பிள்ளையைப் பெத்து இந்த ஓட்டுக்குக் கீழதான் தொட்டில் கட்டுவா” என்று உத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வினை வந்தது மரத்தால். அய்யனார் கோவில் மலைக்கு மேலே மரமாக இருக்கிறது, நீங்களும் நானும் முன்னே ஒரு தடவை அருவியில் குளிக்கப் போய் உங்கள் வேட்டியைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியதே, அதே மலைதான். நீங்கள் துண்டைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்ததை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது ராவுத்தரிடம் மட்டும்தான் சொல்கிறேன். அந்த மரத்தை எளிதில் வெட்டி இறக்க முடியாது, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதனால் ஓவர்சியர் வாசல் நிலையைக் குறுக்கினார். இரண்டு வாசலுக்கு வாங்கிய மரத்தில் மூன்று வாசல் செய்துவிட்டார். நான் ஒருக்களித்து நுழையலாம். வெள்ளத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையலாம்.

புது வீட்டில் முதலில் பசுவும் கன்றும் போக வேண்டுமா இல்லையா? நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கருத்தப்பாண்டியின் பசுவைக் கேட்டு வாங்கி, மஞ்சள் பூசி, வெங்கம்மா கட்டிய மாலையைப் போட்டு வாசலில் நிறுத்தினோம். முதல் வீடு என்னுடையது, அதனால் முதல் மரியாதை எனக்கு. மாடு வாசலைப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. நகரவில்லை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மாட்டின் ஆத்தா கான்சாபுரத்தில் வாங்கியது, உங்கள் ஊர்ப் பிடிவாதம். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். கன்றை உள்ளே விட்டுக் கத்த வைத்தோம். கன்று கத்தியதோ இல்லையோ, மாடு கொம்பைச் சாய்த்து, வயிற்றை உள்ளே இழுத்து, நிலை கிறீச்சிட உள்ளே போயே விட்டது. எல்லாரும் குலவை போட்டார்கள்.

கன்று இடுக்கில் புகுந்து வெளியே வந்துவிட்டது, போன மாடு திரும்பவில்லை, மச்சான். குறுக்குச் சுவருக்கும் ராவுத்தர் வீட்டுச் சுவருக்கும் நடுவில் பாதி திரும்பி, மூஞ்சி ராவுத்தர் சுவத்தைப் பாக்க, வீட்டை அடைச்சுக்கிட்டு அப்படியே செருகிக்கிச்சு. முன்னால போக சுவரு, பின்னால நடக்க மாட்டேங்குது. வாலைப் பிடிச்சு இழுக்கப் போனேன், கருத்தப்பாண்டி பாய்ஞ்சு வந்தான். “ஏலே, எம் மாட்டு மேல ஒரு கீறல் விழுந்துச்சு, ஒன் தோலை உரிச்சுக் கருத்தம்மாகிட்டக் குடுத்திருவேன்!” சுவத்தை இடிப்போமான்னு ஓவர்சியரைக் கேட்டேன். “இடிச்சா ரெண்டு வீட்டையும் கமிட்டி திரும்ப எடுத்துக்கிடும், ஒன் வீடும் போச்சு, ராவுத்தர் வீடும் போச்சு. சீவில்லிபுத்தூருக்கு எழுதியிருக்கேன். வீடு அளவாத்தான் கட்டியிருக்கு, மாடுதான் அளவுக்கு மீறியிருக்கு” அப்படின்னுட்டார்.

இனிமேல்தான் வயிறு எரியும் சங்கதி. என் கதியைப் பார்த்த மற்றவர்கள் மாட்டையே விட்டுவிட்டார்கள். வெங்கம்மா மண்ணால் ஒரு பசுப் பொம்மை செய்து உள்ளே வைத்துப் பால் காய்ச்சினாள். கருத்தம்மாள் கொஞ்சம் கோமியம் தெளித்துவிட்டு வலது காலை எடுத்து வைத்தாள். ராவுத்தர் பாத்திஹா ஓதி, எல்லாருக்கும் நெய்ச்சோறு போட்டுக் குடிபோனார். வரிசை முழுக்க விளக்கு எரிகிறது. ஒழுங்காக, முறைப்படி, நிஜப் பசுவை உள்ளே விட்டவன் நான் ஒருவன்தான். நான்தான் வெளியே கிடக்கிறேன். என் வீட்டுச் சுவரிலேயே ஓலை சாய்த்துக் கட்டி, அதற்குள் நானும் உங்கள் தங்கையும் குறுகி இருக்கிறோம். ஐப்பசி மழை எங்கள் மேல் விழுகிறது, மாட்டின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கருத்தப்பாண்டி காலையும் மாலையும் செம்போடு ஒருக்களித்து நுழைந்து பால் கறந்து போகிறான். “ஓட்டு வீட்டு வாசம் மாட்டுக்கு ஒத்துக்கிடுச்சு சமுத்திரம், பால் கூடுதலா இறங்குது” என்று என்னிடமே சொல்கிறான்! புல் அறுத்துப் போடுவது நான், சாணி அள்ளுவது வெள்ளத்தாய். போகிற வருகிறவர்கள், “மாட்டுக்காரரே, வீட்டுக்காரர் சௌக்கியமா?” என்று கேட்கிறார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உங்கள் தங்கை சாப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று எனக்குத் தெரியாது. ராத்திரி ஓலை ஒழுகும்போது, “எம் மகளுக்கு ஒரு மூலை இல்லாமப் போச்சே, நான் என்ன தாயி” என்று முனகுகிறாள். மாடு சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக அசைபோடுகிற சத்தம் கேட்கிறது. தலைப்பிள்ளையை மாமியார் வீட்டில் பெற வைத்த அப்பன் என்று உங்கள் ஊர் பேசும், எங்கள் ஊரும் பேசும், எனக்குத் தெரியும். ஆனாலும் நனைகிற ஓலைக்குள்ளே பச்சைப்பிள்ளையை எப்படிக் கிடத்துவேன்? அதனால கும்பிட்டுக் கேக்கேன் மச்சான், கோவிச்சுக்கிடாதிய, அக்காகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. செல்லக்கனியை இப்பம் அனுப்ப வேண்டாம், மழை விட்டு, கமிட்டியில இருந்து ஒரு வழி சொல்லுத வரைக்கும் ஒங்க வீட்டுலயே அவளை வச்சு, ஒங்க மகளா நெனச்சு

“ஏலே சமுத்திரம்! எங்கலே இருக்க? கான்சாபுரத்து வண்டி வந்து நிக்குது! ஒம் மக வலி தாங்காமக் கத்துதா, ஓடியாலே!”

பின்குறிப்பு. கனம் சங்கையா அவர்களுக்கு, மேலே உள்ளதை எழுதிய அசன் முகம்மதுவின் சலாம். கடைசியில் உள்ள கூப்பாடு தெருவிலிருந்து கருத்தப்பாண்டி போட்டது; காதில் விழுந்ததை என் கை அப்படியே எழுதிவிட்டது. ‘அனுப்ப வேண்டாம்’ என்ற வார்த்தையை எழுதிய மை காயும் முன் உங்கள் வண்டி வந்துவிட்டது. குலுங்கிய வண்டியில் வழியிலேயே வலி கண்டுவிட்டதாம். என் சம்சாரம் ரஹ்மத் பீவி பெண்ணைக் கைத்தாங்கலாக எங்கள் வீட்டுக்கே கூட்டிப்போனாள். வெள்ளத்தாய் வாசலில் மறித்து அழுதாள். “ஒங்க வீடும் எங்க வீடும் ஒண்ணுதான் அக்கா, நான் இல்லைங்கலை. ஆனாலும் தலைப்பிரசவம் பெத்தவ வீட்டுல நடந்துச்சுன்னு எங்க அண்ணங்கிட்ட நான் சொல்லணுமே!” என் சம்சாரம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய் உலக்கையை எடுத்தாள். “ஒண்ணுன்னு நீதான்டி சொன்ன. இந்தா, ஒண்ணாக்கிருதேன்” என்று நடுச்சுவரில் போட்டாள். நான் தடுக்கவில்லை; தடுக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது. பச்சைக் கல் மூன்று நான்கு அடியில் சரிந்தது. கருத்தம்மாளும் வெங்கம்மாவும் ஆளுக்கொரு கடப்பாரையோடு வந்து மிச்சத்தைப் பெயர்த்தார்கள். முன்னால் வழி கிடைத்ததும் மாடு ஒரு நிமிஷம் யோசிக்காமல் என் வீட்டுக்குள் நடந்து வந்துவிட்டது; இங்கும் அதே ஒடுங்கிய வாசல்தான், வெளியே போக மாட்டேன் என்கிறது. காலியான இடத்தை வெள்ளத்தாய் நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பாய் விரித்தாள். பெண் குழந்தை. பெற்ற தாயின் வீட்டில், ஓட்டுக்குக் கீழே பிறந்தது. இதை உங்கள் ஊரில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஓவர்சியர் வந்து சுவர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு வீடும் எங்களிடம் இருக்குமா, போகுமா என்று அல்லாவுக்குத்தான் தெரியும். சமுத்திரம் பேத்தியின் அழுகைச் சத்தம் கேட்டதிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார், கடிதத்துக்குத் திரும்பி வரவில்லை. ஆகவே மீதியை நானே எழுத வேண்டியதாயிற்று. நாங்கள் இரண்டு குடும்பமும் இப்போது முதல் வீட்டில்தான் இருக்கிறோம். தாயும் பிள்ளையும் சுகம். என் வீட்டில் மாடு சுகம்.