விக்கல் எடுத்த பஸ்

காலை பத்து பதினேழு. நான் முதலில் பார்த்தது, மானிட்டரில் என் பஸ் விக்கியதை. அரியலூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அரை நொடி அப்படியே நின்று, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. இரண்டாவதாகப் பார்த்தது, திருச்சியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர் மேடம் பேனா மூடியைக் கழற்றியதை.

அது 2004. பெரம்பலூரில் எம்.சி.ஏ. கடைசி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. பெரம்பலூரிலிருந்து உடையார்பாளையத்துக்கு பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுதான் என் புராஜெக்ட். சென்னையில் வேலைக்கான உத்தரவு வீட்டு பீரோவில் இருந்தது. எல்லாவற்றிலும் தேறினால் மட்டுமே சேரலாம் என்று அதில் ஒரு வரியும் இருந்தது.

விக்கல் புதிதல்ல. இரண்டு மாதமாக அதோடுதான் குடித்தனம். புரோகிராமின் எந்தப் பகுதி எத்தனை மில்லிநொடி எடுத்தது என்று சொல்லும் கருவி ஒன்று உண்டு, புரொஃபைலர் என்று பெயர். (அதை இயக்கத் தெரிந்தவன் மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்ற நினைப்பு வேறு.) மரங்கள்தான் அதிக நேரம் எடுக்கின்றன என்றது. முந்திரித் தோப்பை வெட்டினேன். விக்கியது. மேகங்களை அகற்றினேன். விக்கியது. பயணிகளை இறக்கிவிட்டேன். காலி பஸ் பொட்டல் வெளியில் விக்கிக்கொண்டே போனது.

வைவா அறையில் அப்பாவும் இருந்தார். அதே வழித்தடத்தில் நிஜ பஸ் ஓட்டுபவர். கல்லூரிக் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது என்பதால், வீட்டு சி.பி.யு.வைத் தோளில் சுமந்து வந்து, காக்கிச் சட்டையோடு கதவோரம் நின்றார்.

“என்னடா, அரியலூர் தாண்டி ஒரு முந்திரி மரத்தையும் காணோம்?”

“அப்பா, சும்மா இருங்க.”

“நான் சும்மாதான்டா இருக்கேன். வண்டிதான் நின்னு நின்னு போவுது. டீசல்ல காத்து பூந்துருச்சா?”

மேடம் சிரிக்கவில்லை. புரொஃபைலர் ரிப்போர்ட்டைக் கேட்டார். காட்டினேன்.

“பஸ் நின்ன அந்த எடத்துல, இதெல்லாம் கூட்டினா எவ்வளவு வருது?”

“பதினெட்டு மில்லிநொடி, மேடம்.”

“நின்னது அரை நொடி. மீதி எங்க போச்சு?”

இரண்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் கூட்டிப் பார்த்ததில்லை. “யாராவது நினைச்சிருப்பாங்க,” என்றார் அப்பா. (விக்கலுக்கு அவர் அறிந்த ஒரே காரணம்.)

“எந்த வரியிலேர்ந்து அளக்குறீங்க? புரோகிராமைத் திறங்க,” என்றார் மேடம்.

திறந்தேன். சாலையின் அடுத்த துண்டை வரையும் பகுதி அது. முதல் வரியில் பிள்ளையார் படத்தை வரையும் கட்டளை. மளிகைச் சீட்டுக்கே பிள்ளையார் சுழி போடும் குடும்பம் எங்களுடையது. விளையாட்டு தொடங்கும்போது ஒரு தடவை தெரியட்டும் என்றுதான் வைத்தேன். வைத்த இடம் தப்பு. சாலையின் ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் பெரிய படம் டிஸ்கிலிருந்து கிளம்பி வந்து, யார் கண்ணிலும் படாமல் தாருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. நேரத்தை அளப்பது இரண்டாவது வரியில்தான் தொடங்கியது. பிள்ளையாருக்கு மேலே ஒரு வரி எழுத எனக்குக் கை வந்ததில்லை.

“டைமரை அவருக்கு மேல போடுங்க.”

அப்போதும் கை வரவில்லை.

“போடுங்க தம்பி. அவர் கோச்சுக்க மாட்டாரு.”

போட்டு ஓட்டினேன். பிள்ளையார்: நானூற்று எண்பத்திரண்டு மில்லிநொடி.

மேடம் தாளில் ஏதோ எழுதினார். பிறகு, “படத்தை அங்கேருந்து எடுத்துட்டு ஓட்டுங்க,” என்றார். எடுத்தேன். பஸ் உடையார்பாளையம் வரை ஒரு விக்கல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

“வழியெல்லாம் அவர ஏத்தி ஏத்தி எறக்கிருக்கான் பாருங்க மேடம்,” என்றார் அப்பா. “டிக்கெட்டும் போடல.”

மேடம் அப்போதுதான் சிரித்தார். பாஸ் போட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் டி.வி. நின்றாலும், நான் குளியலறையிலிருந்து வரத் தாமதமானாலும், “இரு, பிள்ளையார் ஏறிட்டிருக்காரு,” என்பார்கள். என் மனைவி கல்யாணமான மறுவாரமே கற்றுக்கொண்டாள்.

வீணாக வெட்டிய முந்திரி மரங்களை மட்டும் நான் திரும்ப வைக்கவில்லை.