அறுபது ஹெர்ட்ஸும் வேன் சாவியும்

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். போன மாதம் போனில் எனக்கு அத்தனை புத்தி சொன்னவனுக்கு உடம்பில் என்ன குறை இருக்கப்போகிறது? போனில் சொன்னால் நடுவில் புகுந்துவிடுவாய். கடிதம் என்றால் முடியும்வரை நீ வாயைத் திறக்க முடியாது. உட்கார்ந்து படி.

உன் அத்தானுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியார். ரோட்டைக் கடக்கவே என் கையைப் பிடித்துக்கொள்பவர். அப்பேர்ப்பட்ட மனிதர், கம்ப்யூட்டரில் ஆடும் கார் பந்தயத்தில், இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டும் என்னைத் தினமும் தோற்கடித்தால் எப்படி இருக்கும்? வளைவைப் பார்த்து நான் திருப்புவதற்குள் என் கார் சுவரில் மோதி மல்லாந்து கிடக்கும். பக்கத்து மேசையிலிருந்து அவர், "பாத்துப் போம்மா" என்பார். உடனே என் மகள், "அம்மாவுக்குக் கை மெதுவாயிடுச்சு, இனிமே பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு வேன் ஓட்டறது சரியில்ல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். நீயாவது எனக்காகப் பேசினாயா? "அக்கா, மரியாதையா சாவியைக் குடுத்துடு" என்றாய். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பந்தயம், தோற்றால் வேன் சாவியை மகளிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று பேச்சாயிற்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் வண்டியில் சின்னக் கடகடப்பு கேட்டாலே கோளாறு எங்கே என்று தேடுகிறவள் நான். உன் அத்தான் ஆடும்போது பின்னால் நின்று பார்த்தேன். அவர் திரையில் சாலை எண்ணெய் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. என் திரையில் அதே சாலை விட்டு விட்டுக் குதிக்கிறது. வேகமாகத் திருப்பினால் படம் குறுக்கே கிழிகிறது. இரண்டும் ஒன்றாக வாங்கிய ஒரே மாதிரி மானிட்டர்! கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அம்மா, அது ஒரு செகண்டுக்கு நூத்தி நாப்பத்தி நாலு தடவை படத்தை மாத்தும், அந்தக் கணக்கைத்தான் ஹெர்ட்ஸ்னு சொல்றது. நீங்க செட்டிங்ஸைத் தொடாம அறுபதுலயே விட்டிருப்பீங்க. கம்ப்யூட்டர் எத்தனை படம் அனுப்பினாலும் திரை அறுபதுதான் காட்டும், வளைவு உங்களுக்கு லேட்டாதான் தெரியும்" என்றார். உன் அத்தானுடையதை மகள் மாற்றிக் கொடுத்திருக்கிறாள், என்னுடையதை மறந்துவிட்டாள். கேட்டாயா கதையை! கோளாறு கையில் இல்லையடா, ஹெர்ட்ஸில்! சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் நானே மாற்றினேன். ஆடிப் பார்த்தால், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

ஞாயிறு வந்தது. மகள் நடுவராக உட்கார்ந்தாள், சாவி அவள் மடியில். கடைசி வளைவு வரை உன் அத்தான்தான் முன்னால். அந்த வளைவில் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் உள்பக்கமாகப் புகுந்தேன் பார், அவர் பதறித் திருப்பி வேலியில் ஏறி நின்றார். "பாத்துப் போங்க" என்றேன். சாலை என்னமாக வழுக்கியது தெரியுமா! ஒரு குதிப்பு இல்லை, ஒரு கிழிசல் இல்லை. நூற்று நாற்பத்து நாலு என்றால் சும்மாவா! மகள் சாவியை நீட்டினாள். வாங்கும்போது அழுகை வந்துவிட்டது; அதை மறைக்க உரக்கச் சிரித்தேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசீர்வாதம். உனக்கு மட்டும், மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்த பிறகு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சாவியும் கையுமாக உன் அக்கா

பி.கு.: உன் மானிட்டரையும் நீ சரிபார்த்துக்கொள்ளலாமே, செட்டிங்ஸில் எங்கே போக வேண்டும் என்று பார்த்து எழுதுவோம் என்று என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அறுபது என்று இருக்கிறது! உன் அத்தானைக் கூப்பிட்டேன். அவர் முழித்த முழியிலேயே புரிந்துவிட்டது. "சனிக்கிழமை நீ மாத்தினதைப் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில நீ குளிக்கப் போனப்போ திரும்பவும் அறுபதாக்கிட்டேன். நீ வேனை எடுத்துட்டுப் போனா வர்ற வரைக்கும் எனக்கு வயித்தைக் கலக்குது. அதான்..." என்றார். திட்டத்தான் கூப்பிட்டேன், மனசு வரவில்லை. ஆகவே மேலே ஹெர்ட்ஸைப் பற்றிப் பீற்றிக்கொண்டதையெல்லாம் அடித்துவிடு. குதிக்கிற திரையில்தான் ஜெயித்திருக்கிறேன்! நாளையிலிருந்து உன் அத்தானும் வேனில் வருகிறார், வயிறு கலங்காமல் இருக்க, பின் சீட்டில், பிள்ளைகளோடு, பெல்ட் போட்டுக்கொண்டு.