ஒரு கழுதைக்கு ஒரு தீவு

ஒரு காட்டில், காடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், கடலுக்கு நடுவில் கிடந்த ஒரு சின்னத் தீவின் காடு, இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் ‘ஆயுசு நூறு’ என்பார்கள், அவ்வளவுதான், அந்தக் காட்டில் பிராணிகள் எல்லாம் பாடுபட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. செவத்தாயி என்ற எறும்பும் அவள் கூட்டமும் தானியம் சேர்த்தார்கள். கொண்டையம்மாள் என்ற கோழி அடைகாத்தாள். கொம்பையா என்ற வெள்ளாட்டுக் கிடா புதரை மேய்ந்து பாதை போட்டார். ஆழியப்பன் என்ற ஆமை அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கினார். பொன்னுரங்கம் என்ற கழுதை மலை ஊற்றிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் சுமந்தான். தீவு எங்கே என்று கேட்காதீர்கள். காற்று பலமாக அடித்தால் அது கொஞ்சம் தள்ளிப் போய்விடும்.

ஒரு கார்த்திகையில் அக்கரையிலிருந்து ஒரு நாரை வந்து இறங்கியது. கழுத்தில் ஒரு கணக்கு மெஷின். பிராணிகளில் எத்தனை பேர் உழைக்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்து தின்கிறார்கள் என்று கணக்கெடுக்க வந்த ஆபீசராம்.

“பதினைந்து முதல் அறுபது வரை உழைக்கும் வயது. கீழே இருந்தால் குழந்தை. மேலே போனால் முதியவர்” என்றது நாரை. அது மனிதர்களுக்குப் போட்ட விதி. நாரையிடம் வேறு விதி கைவசம் இல்லை.

முதலில் கோழியிடம் போனது. “வயது?”

“நாலுங்க. வர்ற ஆடிக்கு அஞ்சு.”

“குழந்தை.”

“யாரு, நானா? பேரன் பேத்தி எடுத்தவ சாமி நான்!”

நாரை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தது. “குழந்தைத் திருமணமா? யார் அந்தச் சேவல்?”

சேவல் மரத்தில் ஏறியது ஏறியதுதான். ஆபீசர் ஊரை விட்டுப் போகிற வரை கூவவும் இல்லை.

கொம்பையாவுக்குப் பதினொன்று. “சிறுவன். பள்ளிக்கூடம் போகாமல் இங்கே என்ன செய்கிறாய்?”

கொம்பையா தன் வெள்ளைத் தாடியைத் தூக்கிக் காட்டினார்.

“விதியில் தாடி பற்றி ஒன்றும் இல்லை.”

“அது கிடக்கட்டும், உங்களுக்கு என்ன வயசு ஆபீசரய்யா?”

“ஒன்பது. ஆனால் நான் வெளியூர்” என்று சொல்லி நாரை நகர்ந்துவிட்டது.

செவத்தாயி பிறந்து இரண்டு மாதம். தன்னைவிடப் பெரிய சோளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். “ஐயோ, கைக்குழந்தை! போடு கீழே!” என்று நாரை போட்ட கூச்சலில் மொத்த வரிசையும் சோளத்தைப் போட்டுவிட்டது. ஆமை ஆழியப்பனுக்கு நூற்று நாற்பது. “ஓய்வு பெற்று எண்பது வருடம் ஆகிறது, இன்னுமா தண்ணீரில் நிற்கிறீர்கள்?” என்று நாரை அவரைக் கைத்தாங்கலாகக் கரையேற்றியது.

கடைசியாகக் கழுதை.

“பதினாறுங்க” என்றான் பொன்னுரங்கம்.

நாரை இரண்டு காலையும் ஊன்றி நின்றது. “அப்பா! உழைக்கும் வயது! நீதான் இந்தத் தீவின் முதுகெலும்பு!”

பொன்னுரங்கத்தை அதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. நாரை மெஷினில் தீவிலுள்ள எல்லோரையும் போட்டு ஒரு கழுதையால் வகுத்தது. வந்த எண் மெஷினுக்குள் அடங்காமல் வெளியே தொங்கியது என்றால் பாருங்கள். இனிமேல் எல்லோரையும் பொன்னுரங்கமே காப்பாற்றுவான் என்று அறிவித்துவிட்டு ஆபீசர் பறந்து போனது.

முதல் நாள் எல்லோருக்கும் கோபம். இரண்டாம் நாள் யோசனை. மூன்றாம் நாள் காலையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

எறும்புகள் இலையில் மல்லாந்து படுத்து, ஆறு காலையும் உதைத்துப் பாலுக்கு அழுதன. கோழி ஆலம்விழுதில் ஊஞ்சல் ஆடினாள். கொம்பையா கோலிக்குண்டு தேடிப் போனார். நேற்றுவரை “டேய் கழுதை” என்றவர் இன்று “பொன்னுரங்கண்ணே, பசிக்குது” என்றார். ஆழியப்பன் மணலில் சாய்ந்துகொண்டு, “தம்பி, அந்த இளநீர் இருக்குதே, அதுல வழுக்கை இருக்கணும், தண்ணியும் இருக்கணும்” என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் தண்ணீர் சுமந்தான். தானியம் பொறுக்கினான். புதரைக் கடித்துப் பாதை போட்டான். முதுகில் ஆளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு நீந்தினான். மீதி நேரத்தில் அடையும் காத்தான். கழுதை முட்டைமேல் உட்காருவது லேசான காரியமில்லை. நாலு காலையும் நாலு திசைக்கு விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிறு பட்டும் படாமலும் இருக்க வேண்டும். ஊஞ்சலில் இருந்தபடியே கொண்டையம்மாள், “ஆடாதேண்ணே, உள்ள புள்ளைக்கு மயக்கம் வரும்” என்பாள்.

அடுத்த கார்த்திகைக்குள் பொன்னுரங்கத்தின் விலா எலும்பை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கலாம். இன்னொரு வருடம் தாங்க மாட்டான் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. நாரை திரும்பி வந்ததும் காலில் விழுந்தான்.

“ஐயா, என்னையும் குழந்தை ஆக்கிடுங்க.”

“வயதைக் குறைக்க வழியில்லை.”

“அப்ப கிழவன் ஆக்குங்க.”

“தாராளமாக. அறுபது ஆகட்டும்.”

“கழுதை அறுபது வரைக்கும் எங்கேய்யா இருக்கும்?”

“இருக்க விதியில் இடம் உண்டு. இருப்பது உன் பொறுப்பு.”

சொல்லிவிட்டு நாரை கடற்கரை மணலில் ஒரு கோடு கிழித்தது. போன வருடம் ஒரு முதுகுக்கு எத்தனை வாய், இந்த வருடம் எத்தனை என்று காட்டும் கோடு. எறும்புகள் சும்மா இருக்கவில்லையே, குட்டி எறும்புகள் ஏகமாகப் பிறந்திருந்தன. கோடு மேலே மேலே போய், மணல் போதாமல் தென்னைமரத்தில் ஏறியது.

அதைப் பார்த்துத் தீவே பயந்துவிட்டது. கூட்டம் போட்டார்கள்.

“அண்ணன் செத்துட்டா நமக்கு யார் சோறு போடுவா?” என்று செவத்தாயி அழுதாள். அண்ணனுக்காக அழுகிறாளா, சோற்றுக்காக அழுகிறாளா என்று பொன்னுரங்கம் கேட்கவில்லை. பதில் தெரிந்ததுதான்.

கொம்பையா தாடியை ஆட்டினார். “அண்ணனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைப்போம். குட்டி பிறக்கும், உழைக்க இன்னொரு கை கூடும்.”

“குட்டி பதினைந்து வருடத்துக்குக் குழந்தை. இன்னொரு வாய்தான்” என்றது நாரை. “பெண் பதினைந்தைத் தாண்டியிருந்தால் மட்டும் லாபம். முதுகு இரண்டாகும்.”

“அப்ப வயசான பொண்ணாப் பாருங்கப்பா!” என்றார் ஆமை.

தீவில் வேறு கழுதை இல்லை. பெண் பார்க்க அக்கரைக்குத்தான் போக வேண்டும். கூட யார் போவது? குழந்தைகள் கல்யாணம் பேசப் போகக் கூடாது. முதியவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. கடைசியில் மாப்பிள்ளையை மட்டும் தனியாக அனுப்பினார்கள். முதுகில் ஆள் இல்லாமல் பொன்னுரங்கம் கடலில் இறங்கியது அதுதான் முதல் முறை. முதுகு இவ்வளவு லேசான சாமான் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கரையில் உப்பளத்துப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த வேலாத்தாள் என்ற பெண்கழுதை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வீட்டுல எத்தனை பேரு?”

“ஒரு தீவு.”

“எல்லாரும் சின்னப் புள்ளைங்களா?”

“பாதிப்பேருக்குத் தாடி உண்டு.”

வேலாத்தாள் சிரித்த சிரிப்பில் உப்பு பறந்தது. “யோவ், நான் அங்க வரலை. நீ வேணும்னா இங்கேயே இரு.”

அவ்வளவுதான். பொன்னுரங்கம் வீட்டோட மாப்பிள்ளை ஆகிவிட்டான். ஒரு மாதத்தில் விலா எலும்பு மறைந்தது.

தீவில் ஒரு வாரம் காத்திருந்தார்கள். பசி காத்திருக்கவில்லை. முதலில் செவத்தாயி ஒரு சோளத்தைத் தூக்கினாள். மரத்தடியில் நின்ற நாரை, “என்ன அது?” என்றது.

“விளையாட்டுங்க. சோறு பொங்கி விளையாடறோம்.”

“நல்லது, விளையாடுங்கள்.”

அதைக் கேட்டதும் கோழி பொம்மை விளையாட்டு என்று சொல்லி அடையில் உட்கார்ந்தாள். கொம்பையா ஒளிந்து விளையாடுகிறேன் என்று புதருக்குள் புகுந்தார். வெளியே வரும்போது பின்னால் பாதை இருந்தது. எறும்புகள் கொலு விளையாட்டு என்று மரப்பாச்சி மாதிரி வரிசையாக நின்று மலை ஊற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கடத்தின. ஆழியப்பன் மூட்டுவலிக்கு வைத்தியர் நீந்தச் சொன்னார் என்று கடலில் இறங்கினார், முதுகில் நாலு பயணிகளோடு. தீவில் எல்லோர் வயிறும் நிறைந்தது.

நாரை மறுபடி மெஷினை எடுத்தது. உழைக்கும் வயதில் யார்? ஒருவரும் இல்லை. எல்லோரையும் பூஜ்யத்தால் வகுத்தது. மெஷினிலிருந்து புகை வந்தது. நாரை நெடுநேரம் ஒற்றைக்காலில் நின்று யோசித்தது.

“சுமக்கவே ஆள் இல்லை. அப்படியென்றால் சுமை என்று எவரும் இல்லை. பூஜ்யம்!” என்று கத்தியது. ஏழு கடலிலும் இப்படி ஒரு தீவு கிடையாது என்று பாராட்டிவிட்டு, பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் பறந்து போய் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கார்த்திகையில் அக்கரைக்கு வந்து இறங்கிய மாப்பிள்ளைகளை வரவேற்க வேலாத்தாளின் அப்பா தனியாக ஒரு பந்தலே போட வேண்டியதாயிற்று.

நீதி: ஊரில் யாரும் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்றால், சுமக்கிறவனுக்கு முதலில் வெளியூரில் கல்யாணம் செய்துவையுங்கள்.